லேடாங், கினபாலு, புரோமோ, இந்தனோன்: மூன்று நாள் விடுப்புக்கு எந்த மலை?

“அண்ணே, மூணு நாள்தான் லீவு. அம்மாவும் வர்றாங்க, பையனுக்கு ஆறு வயசு. லேடாங் சின்ன மலைதானே, அங்கேயே போயிட்டு வந்துடலாமா?”

கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது கேட்டது இது. பள்ளி விடுமுறை நெருங்கினால் இதே கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். 163 மீட்டர் புக்கிட் தீமாவை ஏறிப் பழகிய ஊர் நம் சிங்கப்பூர். அதனால் மலை என்றதும் உயரத்தை வைத்தே யோசிக்கிறோம். 1,276 மீட்டர் என்றால் சுலபம், 2,565 மீட்டர் என்றால் கஷ்டம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. நடப்பு நேர்மாறானது. லேடாங்கின் உச்சியைத் தொட ஒரு பகல் முழுக்க ஏணியும் கயிறுமாக ஏறி இறங்க வேண்டும். அதைப் போல இரண்டு மடங்கு உயரமான, தாய்லாந்தின் தோய் இந்தனோனில் உச்சி வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது. தம்பியின் அம்மாவுக்கோ முழங்கால் வலி.

அவருக்கு லேடாங் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்பதையும், வேறு யாருக்கு அதே லேடாங் மிகப் பொருத்தம் என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, உச்சி வேண்டுமா, காடு வேண்டுமா? உச்சிக்குப் போகிறவரின் கண் பெரும்பாலும் காலடியில்தான் இருக்கும். அடுத்த கல், அடுத்த வேர், அடுத்த கயிறு. காட்டுக்குப் போகிறவர் நின்று நின்று பார்ப்பார். ஒரே வீட்டில் இரண்டு ஆசையும் இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மலையில் போய் அதைப் பேசினால் சண்டைதான் வரும்.

அப்புறம், கூட வருகிறவர்களில் யாருடைய கால் பலவீனமோ அந்தக் காலை வைத்துத்தான் கணக்கு. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் 12 மாடி படியேறி, மின்தூக்கி எடுக்காமல் படியிலேயே இறங்குங்கள். அப்படி மூன்று முறை. மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு எழும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அந்த மூன்று முறையும் சேர்ந்து சுமார் 100 மீட்டர் ஏற்றம். லேடாங் ஏறக்குறைய அதன் பத்து மடங்கு.

மூன்று நாள் பயணத்தில் மரத்தடியில் உண்மையாகவே எத்தனை மணி நேரம் இருப்போம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். விமான நிலையம், குடிநுழைவு வரிசை, வேன், ஹோட்டல் எல்லாம் போக மிஞ்சும் நேரம்தான் பயணம். கடைசியாகப் பருவம். நம் பள்ளி விடுமுறைகள் மார்ச், ஜூன், செப்டம்பர், ஆண்டிறுதி என்று நான்கு. நான்குக்கும் ஒரே மலை பொருந்தாது.

## லேடாங்: பக்கத்தில் இருக்கிறது, ஆனால் எளிதல்ல

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் மிக உயரமான மலை இது. உட்லண்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தங்காக்கில் இறங்கினால் சாகில் பக்கத்து நுழைவாயில் வந்துவிடும். பழைய பெயர் ஓபிர் மலை. புக்கிட் தீமாவில் வண்டு சேகரித்த அதே 1854ஆம் ஆண்டில் இயற்கையாளர் வாலஸ் இந்த மலையிலும் ஏறியிருக்கிறார். மலாக்கா சுல்தான் பெண் கேட்டபோது, பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும், ஏழு தட்டு கொசுவின் இதயமும் கேட்ட இளவரசி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மலையும் இதுதான். அடிவாரத்து அருவிக்கு அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

உச்சிக்குப் பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியுடன்தான் ஏற முடியும். பையில் இருக்கும் பிளாஸ்டிக் பொருள்களை எழுதிக்கொண்டு, திரும்பும்போது சரிபார்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. மேலே போகப் போகப் பாறையும் வேரும் செங்குத்தாகும். ஓரிடத்துக்கு ஏறுபவர்களே ‘கேஎஃப்சி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோழிக்கடை இல்லை, ‘கில்லர் ஃபார் கிளைம்பர்ஸ்’ என்பதன் சுருக்கம்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாவது முறை, இறங்கும்போது நண்பர் ஒருவரின் முழங்கால் பிடித்துக்கொண்டது. மழை பெய்து ஏணியின் அலுமினியப் படிகள் வழுக்கின. ஒவ்வொரு படியிலும் அவர் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, பிறகுதான் அடுத்த படி. வழிகாட்டி ஒன்றும் பேசாமல் அவருடைய பையை வாங்கித் தன் நெஞ்சில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். காலில் அவர் போட்டிருந்தது மலேசியக் கிராமங்களில் ‘கம்போங் அடிடாஸ்’ என்று சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. எங்கள் விலையுயர்ந்த சப்பாத்துகள் வழுக்கிய பாறையில் அது வழுக்கவில்லை. நுழைவாயிலுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. திங்கட்கிழமை நண்பர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தார்.

கண்ணுக்குத் தெரியாத செலவு என்று பார்த்தால் முதலில் அந்த எம்சி நாள். அடுத்தது, சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் இடையிலுள்ள கடற்பாலத்து நெரிசல். 2025 ஜனவரியிலிருந்து ஜோகூருக்கும் வார விடுமுறை சனி, ஞாயிறுதான். அதனால் வெள்ளி இரவு நெரிசல் இரண்டு பக்கமும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளி இரவு புறப்படுவதைவிடச் சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்படுவது மேல். சொந்தக் காரில் போனால் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு 300 ரிங்கிட் அபராதம். புறப்படும்போது டாங்கி முக்கால் நிரம்பியிருக்க வேண்டும் என்ற நம் ஊர் விதியும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும், விமானம் ஏறாமல், ஒரே ஒரு நாள் விடுப்பில் ஒரு முழு மலையை ஏறி இறங்க வேண்டும் என்றால் லேடாங்குக்கு ஈடு இல்லை. இருபது முப்பது வயதில், வாரம் இரண்டு முறையாவது புக்கிட் தீமாவிலோ மெக்ரிட்சியிலோ நடக்கிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரையிலான மழையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் உச்சியை மறந்துவிட்டு அருவியில் குளித்துவிட்டு வரலாம். ஆனால் மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே நீர் பெருகிவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினால் அந்த நிமிடமே பிள்ளைகளைக் கரையேற்றுங்கள்.

## கினபாலு: ஒரே பெயரில் இரண்டு பயணங்கள்

மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கினபாலு என்றதும் எல்லோரும் 4,095 மீட்டர் உச்சியையே நினைக்கிறார்கள். உச்சிக்குப் போவது ஒரு பயணம், பூங்காவுக்குப் போவது வேறொரு பயணம். செலவு, உடல்பலம், ஏற்பாடு மூன்றும் வேறு வேறு.

உச்சிப் பயணம். 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாசலிலிருந்து ஏறத் தொடங்கி, 3,270 மீட்டர் அளவில் உள்ள பானாலாபானில் இரவு தங்கி, அதிகாலை இரண்டரை மணிவாக்கில் மீண்டும் ஏறி, விடியும்போது உச்சியில் நின்று, அன்றே அடிவாரம் வரை இறங்க வேண்டும். மலையில் தங்கும் கட்டில்கள் எத்தனையோ அத்தனை பேருக்குத்தான் அனுமதி. அதனால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். அனுமதி, வழிகாட்டி, தங்குமிடம், சாப்பாடு, விமானம் எல்லாம் சேர்ந்தால் ஆளுக்கு ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டுவிடும். போகும் நாளும் வரும் நாளும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் வேண்டும். மூன்று நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், தரைமட்டத்திலிருந்து போய் இறங்கிய மறுநாளே மலை ஏறச் சொல்கிறார் என்று பொருள். உயரத்துக்கு உடல் பழக நேரம் இல்லாமல் தலைவலியும் வாந்தியுமாகப் பாதியில் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை ஏற்பார்கள் என்று அந்தச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இந்த மலையைப் பற்றிச் சிங்கப்பூரில் எழுதும்போது 2015 ஜூன் 5ஆம் தேதியைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. அன்று காலை நடந்த நிலநடுக்கத்தில் 18 பேர் மலையிலேயே இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், இருவர் அவர்களுடைய ஆசிரியர்கள். ஜூன் 8ஆம் தேதியை நாடே நினைவு நாளாக அனுசரித்தது. தங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரை நான் வற்புறுத்துவதே இல்லை. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

பூங்காப் பயணம். என் மனம் முழுக்க இதில்தான் இருக்கிறது. மிகச் சிலரே இதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தமும் உண்டு. 1964இல் அமைத்த பூங்கா, 2000இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. தலைமையகம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கோத்தா கினபாலு விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம். காரைவிட்டு இறங்கியதுமே மலைக்காடு. யாரும் எதையும் ஏற வேண்டியதில்லை.

சபாவில் கடிகாரம் நம்முடையதே, ஆனால் சூரியன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். ஆறரை மணிக்குக் கம்பளிச் சட்டையோடு வெளியே வந்தால், மேகம் ஏறுவதற்கு முன் அந்தக் கருங்கல் உச்சிகள் முழுசாகத் தெரியும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஓடையோரமாகப் போகும் சிலாவ் சிலாவ் பாதை. வேர்களில் பாசி, பாசியில் நீர்த்துளி, தலைக்கு மேல் பறவைகள். அம்மாக்கள் மெதுவாக நடந்தாலும் யாருக்கும் அவசரம் இல்லை. மூலிகை, ஆர்க்கிட், குடுவைச்செடி எல்லாம் உள்ள தாவரத் தோட்டமும் உள்ளேயே இருக்கிறது. கினபாலு பூங்காவின் மலைகளில் மட்டும் விளையும் ராஜா குடுவைச்செடியின் குடுவையில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் பிடிக்கும். பூச்சி தின்னும் செடி என்று படித்திருப்போம். ஆனால் அணில் போன்ற மர மூஞ்சூறுகள் அந்தக் குடுவையின் விளிம்பில் உட்கார்ந்து, மூடியில் ஊறும் இனிப்பை நக்கிக்கொண்டே உள்ளே எச்சமிட்டுப் போகும். செடிக்கு அதுதான் உரம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், வாழ்நாளுக்கும் மறக்காது.

குண்டாசாங் பக்கத்திலேயே இருக்கிறது. காய்கறிச் சந்தைக்கு மேலே உள்ள போர் நினைவிடத்தில் அரை மணி நேரமாவது செலவிடுங்கள். சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கியிலிருந்து சண்டாக்கானுக்குக் கொண்டுபோகப்பட்ட போர்க்கைதிகள், 1945இல் காட்டு வழியாக இந்த மலையடிவாரம் நோக்கி நடத்தப்பட்டார்கள். 2,400க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளில் உயிர் தப்பியவர்கள் ஆறே பேர்.

இங்கேயும் மறைந்த செலவு உண்டு. பூங்காவுக்குள் தங்குவது விலை அதிகம். குண்டாசாங்கில் தங்கினால் மலிவு, ஆனால் காலை ஆறரை மணிக்கு உள்ளே இருக்க முடியாது. கார் வாடகையும் ஓட்டுநரும் தனி. பூங்காவிலிருந்து 40 கிலோமீட்டர் கீழே உள்ள போரிங் வெந்நீர் ஊற்றையும் அதே நாளில் அடைத்தால் பாதி நாள் வேனில்தான் போகும். மழை எந்த மாதத்திலும் வரலாம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஓரளவு குறைவு, அதனால் மார்ச் விடுமுறைக்குக் கச்சிதம்.

## புரோமோ: கண்ணுக்கு விருந்து, மூச்சுக்குச் சோதனை

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவின் கிழக்குப் பகுதியில், 1982இல் அமைத்த புரோமோ தெங்கர் செமேரு தேசியப் பூங்கா. சுராபாயாவுக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், அங்கிருந்து மலையோரக் கிராமத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் கார். அதிகாலை மூன்று மணிக்கு ஜீப் வரும். பெனாஞ்சாக்கான் மேட்டில் குளிரில் நின்று விடியலைப் பார்த்துவிட்டு, மணற்கடலைக் கடந்து, 250 படி ஏறினால் புகை கக்கும் எரிமலையின் வாய்.

நமக்கு இங்கே ஒரு தனி ஈர்ப்பு இருக்கிறது. புரோமோ என்பது பிரம்மா, செமேரு என்பதில் இருப்பது மேரு. தெங்கர் மக்கள் இன்றும் இந்துக்கள். மணற்கடலின் நடுவில், எரிமலையின் காலடியில் அவர்களுடைய கோயில். காசாடா திருவிழாவில் காய்கறியையும் கோழியையும் எரிமலை வாயில் காணிக்கையாக இடுவார்கள். ஆனால் அண்மை ஆண்டுகளில் அந்த நாள்களில் பூங்காவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள்.

ஆனால் காடு என்று கேட்டு வந்தவருக்கு இது ஏற்றதல்ல. இங்கே இருப்பது சாம்பலும் மணலும் புல்வெளியும். ஜீப்புகள் கிளப்பும் தூசியில் ஆஸ்துமா உள்ளவர்கள் மிகவும் அவதிப்படுவார்கள். முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். எரிமலையின் எச்சரிக்கை நிலை உயர்ந்தால் அருகே விடமாட்டார்கள். 2023 செப்டம்பரில் திருமணப் புகைப்படம் எடுக்க வந்தவர்கள் கொளுத்திய வண்ணத்தீ புல்வெளியில் பற்றிக்கொண்டு பூங்காவையே மூடவைத்தது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும், இறங்கியதும் எடுக்கும் விசாவுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூப்பியா ஒதுக்க வேண்டும். நான்கு பேர் என்றால் அதுவே ஒரு இரவு ஹோட்டல். சைவர்களுக்குச் சோயாவில் செய்யும் தெம்பேயும் தௌவும் எங்கும் கிடைக்கும், ஆனால் சம்பலில் இறால் விழுது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இது சரியான தேர்வு. ஜாவாவின் வறண்ட பருவம் அது. ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் குளிர் உறைநிலைக்குப் பக்கம் போகும்.

## தோய் இந்தனோன்: கால் முடியாதவர்களின் மலை

தாய்லாந்தின் மிக உயரமான இடம். சியாங் மாய்க்கு மூன்று மணி நேர விமானம், பிறகு இரண்டு மணி நேரக் கார். உச்சிக்குப் பக்கத்திலேயே ஆங் கா என்ற பலகைப் பாதை, பாசி மூடிய மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம்தான். தாத்தா பாட்டியும் நடக்கலாம். கொஞ்சம் தெம்பு உள்ளவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் கியூ மே பான் பாதை இருக்கிறது, உள்ளூர் ஹ்மோங் வழிகாட்டியுடன்தான் விடுவார்கள். அது ஜூன் முதல் அக்டோபர் வரை மூடியிருக்கும்.

ஆண்டிறுதி விடுமுறை என்றால் கண்டிப்பாக இது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை வேண்டவே வேண்டாம். வயல்களையும் காட்டையும் எரிக்கும் புகையில் எதிரே இருக்கும் மலையே தெரியாது. மார்ச்சில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் அதுதான். குறை என்னவென்றால், காலையில் போய் மாலையில் சியாங் மாய் திரும்பிவிடுகிறார்கள் பலர். அப்படிப் போனால் மலையில் நான்கு மணி நேரம்கூட மிஞ்சாது. மே கிளாங் லுவாங் போன்ற கரேன் கிராமத்தில் ஒரு இரவாவது தங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| | லேடாங் | கினபாலு உச்சி | கினபாலு பூங்கா | புரோமோ | இந்தனோன் |
|---|---|---|---|---|---|
| உயரம் | 1,276 மீ | 4,095 மீ | தலைமையகம் 1,500 மீக்கு மேல் | 2,329 மீ | 2,565 மீ |
| உடல் உழைப்பு | ஒரு நாள், கடுமை | இரண்டு நாள், மிகக் கடுமை | விருப்பம் போல் | 250 படி, தூக்கமின்மை | மிகக் குறைவு |
| குறைந்த நாள் | 1 முதல் 2 | 4 | 3 | 3 | 3 |
| நல்ல பள்ளி விடுமுறை | மார்ச், ஜூன், செப்டம்பர் | மார்ச் | மார்ச் | ஜூன், செப்டம்பர் | ஆண்டிறுதி |
| எதிர்பாராத செலவு | வாகன அனுமதி, நெரிசல், மறுநாள் உடல்வலி | முன்பதிவு, காப்புறுதி | கார், உள்ளே தங்கும் விலை | விசா, ஜீப், கட்டணம் | மலையில் ஓர் இரவு |

கேமரன் மலையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். நம் முன்னோர் உழைப்பில் எழுந்த தேயிலைத் தோட்டங்கள் அவை, எனக்கும் அங்கே உறவு உண்டு. ஆனால் காரில் போனால் வழியிலேயே இரண்டு நாள் கரைந்துவிடும். அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

தம்பி கடைசியில் மார்ச் விடுமுறையில் கினபாலு பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனார். மூன்று பகல், இரண்டு இரவு, பூங்காவுக்குள்ளேயே தங்கல், போரிங் இல்லாமல். இரண்டாம் நாள் மதியம் முழுக்க மழை என்றார். அன்று காலையில் எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அம்மா தோளில் சால்வையைப் போர்த்திக்கொண்டு மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஆவி பறக்கும் மைலோ, பின்னால் மேகம் மூடாத உச்சி. பையன் படத்தில் இல்லை. குடுவைச்செடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தானாம், கூப்பிட்டும் வரவில்லையாம்.